இந்தியக் குற்றவியல் நீதி முறைமை

இந்தியக் குற்றவியல் நீதி முறைமை என்பது குற்றங்களைப் பதிவு செய்து, புலனாய்ந்து, விசாரித்துத் தண்டனை வழங்கும் காவல்துறை, அரசு வழக்குரைஞர், நீதிமன்றம், சிறை ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். இம்முறைமையில் கடுங்குற்றம் என்பது பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமன்றி அரசுக்கும் எதிரான செயலாகக் கருதப்படுகிறது. எனவே வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் அவ்வழக்கில் முதன்மையாக ஒரு சாட்சியே.

எடுத்துக்காட்டு

ஜூன் 26, 1924 அன்று இரவு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தனர். ரமணரும் அடியவர்களும் தாக்கப்பட்டனர். அடியவர்கள் திருப்பித் தாக்க முற்பட்டபோது ரமணர் தடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஆயினும் செய்தி காவல்துறைக்கு எட்டியது. திருடர்கள் பின்னர் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர். அடிபட்டவர் மன்னித்தாலும் இத்தகைய வழக்கு முடிந்துவிடுவதில்லை. சட்டம் அனுமதிக்கும் சில குற்றங்களில் மட்டுமே இரு தரப்பினரும் சமரசம் செய்துகொள்ள இயலும்.

சட்டங்கள்

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் ஜூலை 1, 2024 முதல் நடைமுறையில் உள்ளன. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

வழக்கின் படிநிலைகள்

1. முதல் தகவல் அறிக்கை: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் கிடைத்தால், காவல் நிலையம் அதைப் பதிவு செய்தாக வேண்டும். குற்றம் வேறு காவல் நிலைய எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் பதிவு செய்ய மறுக்கக்கூடாது.
2. கைது: கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்.
3. புலனாய்வு: குற்றத்தின் கடுமைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிடில், காவலில் உள்ளவர் பிணை பெறும் உரிமை அடைகிறார். காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு குற்றத்தை மெய்ப்பிக்க முடியாது. அவ்வாக்குமூலத்தால் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டும் ஏற்கப்படும்.
4. விசாரணை: வழக்குகள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும், கொலை போன்றவை அமர்வு நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படுகின்றன. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும்.
5. மேல்முறையீடு: திருவண்ணாமலை அமர்வு நீதிமன்றத் தீர்ப்பின் மீது சென்னை உயர் நீதிமன்றத்திலும், அதன்பின் உச்ச நீதிமன்றத்திலும் முறையிடலாம்.

நடைமுறைச் சிக்கல்கள்

அரசே வழக்கை நடத்தினாலும், அதன் முடிவு பெரும்பாலும் சாட்சிகளைச் சார்ந்துள்ளது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீளும்போது சாட்சிகள் இடம் மாறுகின்றனர், மறக்கின்றனர் அல்லது அச்சத்தால் பிறழ் சாட்சியாகின்றனர். கிரிவலத்துக்கும் ஆசிரமங்களுக்கும் வெளியூரினரும் வெளிநாட்டினரும் வந்துசெல்லும் ஊரில் இச்சிக்கல் எளிதில் விளங்கும்: பொருளைப் பறிகொடுத்தவர் சில நாட்களில் ஊர் திரும்பிவிடுவார், சாட்சியம் சொல்லும் நாளோ வெகுகாலம் கழித்து வரும். காணொளி வழியாகச் சாட்சியம் பெறலாம் என உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் 2018-இல் அது ஏற்றது.

தாமதத்தின் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதும் விழுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். பிணை கிடைத்தும் பிணையாளி இல்லாமையால் சிறையிலேயே இருக்கும் ஏழைகள் உண்டு. விரைவான விசாரணை அடிப்படை உரிமையின் பகுதி என்று 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால், அவரைப் பிணையில் விடுவிக்கப் புதிய நடைமுறைச் சட்டம் வழிசெய்கிறது. பிறருக்கு இது பாதிக் காலம். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. வழக்குரைஞரை அமர்த்த இயலாத கைதிகள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கோரலாம்.