இல்லாத விரலின் வலி

1983-ல் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் பவர் பிரஸ்ஸில் மாட்டி அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவில் தைத்தார்கள். காயம் நன்றாக ஆறியது, வலிதான் ஆறவில்லை. போன சுண்டுவிரலைப் பிடித்து யாரோ முறுக்குகிறார்கள் என்பார். "இல்லாத வெரலு எப்பிடிப்பா வலிக்கும்? நஷ்டஈட்டுக்கு நடிக்கிறியா?" என்று வேறோர் இடத்து டாக்டர் கேட்ட பிறகு, யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டார். ராத்திரியில் இடது கையால் அந்த மொட்டை இடத்தைத் தேய்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சம்பளம் நின்ற மாதங்களில் வலி ஏறும். தங்கச்சி பிறந்து ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், "இன்னிக்கி பரவால்ல" என்றார். மனசுக்குத் தக்கபடி ஏறி இறங்கும் வலி பொய் வலி என்று தெருவே பேசியது.

வலியே அப்படி ஏறி இறங்குவதுதான். தண்டுவடம் வழியாக ஏறும் வலிச்சேதியில் ஒரு கிளை, அச்சத்தையும் துயரத்தையும் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதியான அமிக்டலாவுக்குப் போகிறது. அங்கே சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு சேதியைக் கூட்டும். மூளையே சுரக்கும் என்கெஃபலின் அதை அமர்த்தும். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நார்அட்ரினலின் தண்டுவடத்திலேயே வலியை மட்டுப்படுத்தும். செரட்டோனினும் அப்படித்தான், ஆனால் சில சமயம் கூட்டியும் விடும். என்கெஃபலினை அபர்தீனில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தது 1975-ல். அப்பாவுக்கு அடிபடுவதற்கு எட்டு வருடம் முன்பே! அதே ஸ்டான்லியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கலிஃபோர்னியாவில், இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் கண்ணாடியில் காட்டினார். சிலருக்கு அந்த முறுக்கல் தளர்ந்தது. அந்தக் கண்ணாடி முன் அப்பாவை உட்கார வைத்துப் பார்த்திருக்கலாம் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுப் பையனுக்கு எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை. போன வருஷம் கன்வேயரில் ஒரு விரல் போய்விட்டது. வலிக்கிறது என்றான், டாக்டர் நம்பினார். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடையில் யாரோ அது மனநோய் மாத்திரை என்று சொல்லிவிட, சீட்டோடு என்னிடம் ஓடிவந்தான்.

"நான் இன்னா மெண்டலாண்ணா?"

மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட இது ரொம்பக் குறைவு என்றேன். நரம்புகளுக்கு இடையே நார்அட்ரினலினும் செரட்டோனினும் சீக்கிரம் வற்றிப்போகாமல் இது பிடித்துவைக்கும், வலி அடங்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதே என்று சொன்னேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"ஒங்கப்பாவுக்கு ஏண்ணா இத்த குடுக்கல? அப்ப இல்லியா?"

1961-லேயே வந்த மருந்து.