பிச்சாவரம்: தண்ணீருக்குள் நிற்கும் காடு

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அங்கே தில்லை மரங்கள் அடர்ந்த வனம் இருந்தது. அந்த வனத்தில்தான் ஆடல்வல்லான் ஆடினான் என்பார்கள். கோவிலுக்கு ஸ்தல விருட்சமும் தில்லைதான். ஆனால் இன்று சிதம்பரத்து வீதிகளில் தில்லை வனத்தைத் தேடினால் கிடைப்பவை ஹோட்டல்களும் ஜவுளிக் கடைகளும்தான். காடு எங்கே போயிற்று?

அது எங்கும் போய்விடவில்லை. ஊருக்குக் கிழக்கே, கிள்ளை வழியாகப் பத்து மைல் போனால், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீரில் காலை ஊன்றிக்கொண்டு ஒரு காடு நிற்கிறது. அதுதான் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவில் விரிந்து கிடக்கும் உப்பங்கழி அது. அதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு சிறு திட்டுகள். திட்டுக்குத் திட்டு வாய்க்கால்கள். வாய்க்காலுக்கு வாய்க்கால் கிளைகள். அத்தனை திட்டுகளிலும் மரங்கள். தில்லை மரங்கள் கரையை ஒட்டிய சற்று மேடான பகுதிகளில் நிற்கின்றன. தண்ணீரின் ஓரத்தில் நிற்பவை சுரபுன்னை. உள்ளே அதிகமாக இருப்பது வெண்கண்டல்.

துடுப்புப் படகுதான் சரி

கரையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. மோட்டார்ப் படகும் உண்டு; துடுப்புப் படகும் உண்டு. அவசரக்காரர்கள் மோட்டார்ப் படகில் ஏறி, அகன்ற நீர்ப்பரப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பிச்சாவரத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. காட்டின் உள்ளே போகும் சந்துகளில் மோட்டார்ப் படகு நுழையாது. வேறு தேசங்களில் இத்தகைய கழிகளில் 'கயாக்' என்னும் ஒடுங்கிய சிறு தோணியைப் பிரயாணிகளிடமே கொடுத்து, வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, அவர்களையே துடுப்புப் போடச் சொல்கிறார்கள். பிச்சாவரத்தில் வழிகாட்டியும் அவர்தான், துடுப்புப் போடுகிறவரும் அவர்தான்.

மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் படகு நகர்கிறது. முதல் கால் மணி நேரம் வெட்டவெளி, வெயில். பிறகு படகோட்டி ஒரு திருப்பத்தில் படகை வளைக்கிறார். சட்டென்று வெயில் மறைகிறது. இரு கரை மரங்களும் தலைக்குமேல் கைகோத்துக்கொள்கின்றன.

"சார், தலையைக் குனிஞ்சுக்குங்க! அம்மா, கையை உள்ளே வச்சுக்குங்க!"

துடுப்பு வீச இடமில்லாத இடங்களில் அவர் துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, வேர்களைக் கையால் பற்றிப் பற்றிப் படகை முன்னே தள்ளுகிறார். சத்தம் எல்லாம் அடங்கிவிடுகிறது. எங்கோ ஒரு மீன்கொத்தி கத்துகிறது. சேற்றில் 'பளிச்' என்று ஏதோ துள்ளுகிறது. மீன்தான்; ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் மீன். பக்கத்தில் ஒரு சிறு நண்டு. ஒரு கொடுக்கு ஊசி போல, மற்றொன்று உடம்பளவு பெரிது. அந்தப் பெரிய கொடுக்கை அது மேலும் கீழும் ஆட்டுகிறது. வந்தவர்களை வரவேற்கிறது என்று குழந்தைகள் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையில் அது தன் வளைக்குப் பெண் நண்டை அழைக்கிறது. போட்டிக்கு வருகிற ஆண் நண்டை விரட்டுகிறது.

மரத்திலேயே முளைக்கும் பிள்ளை

சுரபுன்னையின் வேர்களைப் பார்த்தால் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டது போல இருக்கும். அடிமரத்திலிருந்து பத்துப் பதினைந்து வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருக்கும். களிச்சேற்றில் காற்று கிடையாது. ஆகவே மரம் தண்ணீருக்கு மேலே நிற்கும் வேர்ப் பகுதியால் மூச்சு விடுகிறது. வெண்கண்டல் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அதன் வேர்கள் மண்ணுக்குள் படுக்கையாக ஓடி, பென்சில்களைத் தலைகீழாக நட்டதுபோல் ஆயிரக்கணக்கில் மேலே முனையை நீட்டுகின்றன. உப்பைச் சமாளிக்கும் வகையிலும் இரண்டும் இரண்டு விதம். சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே விட்டு, இலை வழியாக வெளியேற்றுகிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

எல்லாவற்றிலும் அதிசயம் சுரபுன்னையின் விதைதான். மரத்திலிருந்து முருங்கைக்காய் போலப் பச்சையாக ஏதோ தொங்குகிறது. காய் என்று நினைத்தால் தவறு, அது கன்று. விதை தாய் மரத்திலேயே முளைத்து, ஒரு முழம் வரை வளர்ந்து, பிறகுதான் கீழே விழுகிறது. நீர் வற்றிய நேரமாக இருந்தால் ஈட்டி போல நேரே சேற்றில் குத்தி நின்றுவிடும். நீர் ஏறிய நேரமானால் மிதந்து போய், வேறொரு திட்டில் ஒதுங்கி வேர் விடும். உப்புத் தண்ணீரில் விதை முளைப்பது கடினம் என்பதால் தாய் மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது.

தில்லை மரத்துக்கு மட்டும் படகோட்டிகள் சற்று மரியாதை கொடுத்து விலகிப் போகிறார்கள். அதன் கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். பட்ட இடம் கொப்புளிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்தப் பயம்தான் பல தில்லை மரங்களைக் கோடரியிலிருந்து காப்பாற்றியது போலும்.

வெட்டியவர் யார்?

இவ்வளவு செழிப்பான காட்டை இன்று பார்க்கிறவர்கள், ஒரு காலத்தில் இது வெட்டவெளியாகிக்கொண்டிருந்தது என்றால் நம்பமாட்டார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் காடு விறகுக் கணக்கில்தான் இருந்தது. காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாத்தியை மொட்டையாக வெட்டி விற்பது ஏற்பாடு. சில பத்தாண்டுகளில் வெட்டிய இடம் தானே வளர்ந்துவிடும், மறுபடி வெட்டலாம் என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த இந்த முறை, சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்து 1970களில்தான் நின்றது.

வெட்டிய இடம் வளரவில்லை. ஏன் வளரவில்லை என்று கேட்டபோது, சுற்றுக் கிராமத்து ஆடு மாடுகள் மேய்ந்துவிட்டன, ஜனங்கள் விறகு ஒடித்துவிட்டார்கள் என்று பழி அவர்கள் மேலேயே விழுந்தது. ஏழை மேல் பழி போடுவது எப்போதும் சுலபம்தானே?

1990களில் சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வன இலாகாவுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். விடை மண்ணிலேயே இருந்தது. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றின் ஈரம் உலர்ந்தது. ஈரம் போன மண் சுருங்கி உள்ளே அமுங்கி, அந்த இடம் தாம்பாளம்போல் பள்ளமாகிவிட்டது. கடலேற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லை. தேங்கிய நீர் வெயிலில் காயக் காய உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. உப்பிலேயே வாழப் பிறந்த மரத்தின் கன்றுகூட அந்த உப்பில் பிழைக்கவில்லை. பிச்சாவரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மூன்று அடிக்குள்தான். அந்தச் சிறு அசைவை நம்பித்தான் காடு முழுவதும் உயிர் வைத்திருக்கிறது.

வியாதி தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. மீனின் நடுமுள்ளையும் பக்க முட்களையும் போல, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடல் நீர் வந்து போக வழி ஏற்பட்டது. உப்பு கழுவப்பட்டது. கரைகளில் வெண்கண்டல், சுரபுன்னைக் கன்றுகளை நட்டார்கள். மண்வெட்டி பிடித்தவர்களில் கிராமத்து ஜனங்களும் இருந்தார்கள். காட்டைக் கெடுத்தவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களேதான்.

வெறும் சேறாகக் கிடந்த இடங்களில் சில ஆண்டுகளில் மரம் தலைக்குமேல் வளர்ந்தது. ஆனால் ஒருமுறை வெட்டிய வாய்க்கால் என்றைக்கும் நிற்காது. வண்டல் படிந்து தூர்ந்துவிடும். அவ்வப்போது தூர் வாரவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப் பேரலை வந்தபோது கடலோரத்து மணல் திட்டுகளில் இருந்த மீனவர் குடியிருப்புகள் சின்னாபின்னமாயின. எம்.ஜி.ஆர். திட்டு என்ற குடியிருப்பு உயிர்களையும் வீடுகளையும் பறிகொடுத்தது. பிழைத்தவர்கள் அங்கே திரும்பிக் குடியிருக்கவில்லை. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலோ சேதம் மிகக் குறைவு. அலை வேர்களுக்கிடையில் புகுந்து, வேகம் தணிந்து, வாய்க்கால் வாய்க்காலாகச் சிதறிவிட்டது என்றார்கள்.

காடு மட்டும்தான் காப்பாற்றியதா, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் மேடும்தான் காரணமா என்று விஞ்ஞானிகள் பின்னர் பத்திரிகைகளில் வாதாடினார்கள். வாதம் நியாயமானதுதான், தூரத்துக்கும் மேட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்று அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு இந்த விவாதத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. அதுவரை மரங்களைப் பற்றி நினைத்துப் பாராதவர்கள்கூடக் கன்று நட வந்தார்கள்.

2022-ல் பிச்சாவரம் 'ராம்சார்' பட்டியலில் இடம் பெற்றது. உலகத்தின் முக்கியமான ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தம் அது. கௌரவம்தான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதால் ஆற்றில் தண்ணீர் வந்துவிடாது. கடல் நீர் மட்டும் போதாது இந்தக் காட்டுக்கு. ஆற்று நீரும் வந்து கலக்கவேண்டும். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை வந்தது; 1934-ல் காவிரியில் மேட்டூர் அணை முடிந்தது. வயல்கள் விளைந்தன, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடைமடைக்கும் அப்பால் இருக்கும் காட்டுக்கு மிஞ்சியது ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளமும், வாய்க்கால்களில் வடிந்து வரும் மிச்சமுமே. அதிக உப்பைத் தாங்காத மர வகைகள் ஒவ்வொன்றாக அருகிப்போயின. எதையும் தாங்கும் வெண்கண்டல் பெருகியது. போதாக்குறைக்குச் சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, கடல் நீர் வந்துபோகும் வாசலை அவ்வப்போது குறுக்கிவிடுகிறது.

பல்லில் கடித்த பறி

திரும்பி வரும் வழியில் படகுகள் ஒரு காட்சியைக் கடந்து போகும். பிரயாணிகளில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அவர்கள் படகோட்டியிடம், எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' படத்துக்கு எந்த இடத்தில் காமிரா வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1975-ல் வந்த படம் அது. அவரும் உற்சாகமாகக் கை காட்டுவார்.

ஆழமில்லாத ஒரு மூலையில் நாலைந்து பேர் கழுத்தளவு நீரில் மெல்ல நகர்கிறார்கள். உட்கார்ந்த நிலையிலேயே நகர்வதால்தான் நீர் கழுத்தளவு தெரிகிறது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். இறால் கையில் பட்டதும் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. கை இரண்டும் வேலையாக இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். கெளிற்று மீன் குத்தும். சிப்பி காலைக் கிழிக்கும். அதையெல்லாம் பார்த்தால் அடுப்பு எரியாது.

இவர்கள் இருளர்கள். வயல் எலி பிடித்தும் வரப்பில் வேலை செய்தும் பிழைத்தவர்கள். கழிக்கு வந்து கையால் மீன் பிடிக்கக் கற்றார்கள். படகும் வலையும் வைத்திருக்கும் மீனவர்களுக்கு இருக்கிற பேச்சும் பலமும் இவர்களுக்கு இல்லை. பழங்குடிச் சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் இவர்களில் எத்தனையோ பேர். ஆனால் எந்த வாய்க்காலில் எந்த மாதம் இறால் ஒதுங்கும், எந்தத் திட்டில் கன்று பிழைக்கும் என்று கேட்டால், புத்தகம் பார்க்காமல் சொல்வார்கள்.

மாலையில் படகுத் துறையில் சீட்டுக் கொடுப்பது நின்றுவிடுகிறது. படகுகளை வரிசையாகக் கட்டிப் போடுகிறார்கள். கொக்குகள் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குகின்றன. சிதம்பரம் போகும் பஸ்ஸில் இடம் பிடிக்க ஜனங்கள் ஓடுகிறார்கள். கழியில் வற்றம் ஆரம்பித்திருக்கிறது. வேர்களில் ஈரக் கோடு தெரிகிறது. இப்போதுதான் சேறு கைக்கு எட்டும். பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் கரையிலிருந்து தண்ணீரில் இறங்குகிறார்கள்.