கருவியும் உயிரும்

வைத்தியக் கருவியொன்றை ஆக்குவோர் காலத்தையும் செலவையும் கணக்கிடுவர். ஆயின், தவறு நேரின் யாது நிகழும் என்பதே அவர்தம் முதற் கணக்காதல் வேண்டும்.

கனடாவில் ஆக்கப்பெற்ற 'தெராக்-25' என்னும் கதிர்ச்சிகிச்சை யந்திரம் இதற்குச் சான்று. முந்திய யந்திரத்தில், அளவு மீறிய கதிரைத் தடுக்கும் காப்புப் பொறிகள் தனியே அமைந்திருந்தன. புதியதில் அவை நீக்கப்பட்டன. காவற்பொறுப்பு கணினி நிரலிடம் விடப்பட்டது. பழைய நிரலின் பகுதிகளே புதியதிலும் சேர்க்கப்பட்டன. அந்நிரலிலிருந்த பிழையின் தீங்கைப் பழைய பொறிகள் தடுத்து வந்தமையை எவரும் உணர்ந்திலர். 1985 முதல் 1987 வரை நோயாளர் அறுவர் மிகுகதிரால் தாக்குண்டனர், சிலர் மாண்டனர். முறைப்பாடுகள் வந்தபோதும், யந்திரம் தவறாதென்றே ஆக்கியோர் முதலில் நம்பினர்.

ஆதலின், சோதனை ஒவ்வொரு படியிலும் வேண்டும். கருவி வைத்தியசாலையை அடைந்த பின்னரும் பணி முடிவதில்லை. நோயாளியின் முறைப்பாட்டைச் செவிமடுத்தலும் அப்பணியின் பகுதியே.