உடம்பெல்லாம் வலியா? கழுத்தைக் கவனியுங்கள்!

வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் அதிகம். ஆலையிலும் வயலிலும் உழைத்துவிட்டு, வீட்டு அடுப்பையும் கவனிக்கும் தாய்மார்கள் ஏராளம். "உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது" என்று அவர்கள் சொன்னால், "வேலை செய்த அலுப்பு, வெந்நீரில் குளி, சரியாகிவிடும்" என்று பதில் வரும்.

அலுப்பு என்றால் நல்ல தூக்கத்தில் போய்விட வேண்டும். மாதக் கணக்கில் நீடிக்கும் வலியை அலுப்பு என்று தள்ளிவிடலாமா? கூடாது. அதன் காரணம் சில சமயம் கழுத்தில் இருக்கும்!

சின்னச் சுரப்பி

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. உடம்பு இயங்கும் வேகம் அதன் கையில் இருக்கிறது. அது குறைவாகச் சுரந்தால், விறகை வெளியே இழுத்த அடுப்புப் போல உடம்பு மந்தமாகும். தசைகள் வலிக்கும், பிடித்துக்கொள்ளும். எடை கூடும். குளிர் தாங்காது. மலச்சிக்கல், முடி உதிர்தல், குரல் கம்முதல் எல்லாம் வரும்.

சென்னை உட்பட 8 நகரங்களில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2013-ல் வெளியாயிற்று. பெரியவர்களில் 100-க்குச் சுமார் 11 பேருக்கு இக்குறை இருந்ததாக அது சொல்கிறது. பெண்களுக்கே இது அதிகம்.

ஆடு தந்த ஆயுள்

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், இந்நோயால் வாடிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டு சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் தேறி, 74 வயது வரை வாழ்ந்தார்! இன்று அந்த வேலையை ஒரு சிறு மாத்திரை செய்கிறது.

இரண்டும் ஒன்றா?

'பைப்ரோமயால்ஜியா' என்று இன்னொரு வியாதி உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் உடலெங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் களைப்பு, ஞாபக மந்தம். மூளையும் நரம்புகளும் வலியைப் பெரிதாக்கி உணர்வதே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். எக்ஸ்ரேயிலோ இரத்தத்திலோ இது தெரியாது.

இந்நோயாளிகளிடம் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் அதிகம் காணப்படுவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாகவில்லை. அடையாளங்கள் ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக்கூடும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். ஆகவே முதலில் தைராய்டைப் பரிசோதிப்பதே முறை.

என்ன செய்யலாம்?

டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை போதும், குறை தெரிந்துவிடும். டாக்டர் தரும் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். காப்பி அரை மணி கழித்துத்தான்! இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி இடைவெளி வேண்டும். 6 முதல் 8 வாரங்களில் மறுபடி பரிசோதனை. வலி குறையச் சில மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

தைராய்டு சரியாக இருந்தால், வலிக்காக அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். பைப்ரோமயால்ஜியாவுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டும் நடைப்பயிற்சியும், ஒழுங்கான தூக்கமும், டாக்டர் சொல்லும் மருந்துமே வழி.

வீட்டில் ஒரு பெண் "வலிக்கிறது" என்றால் சோம்பேறி என்று பட்டம் கட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். துளி இரத்தம் உண்மையைச் சொல்லக்கூடும்!