யூரிக் அமிலமும் முதுமையில் தசைத் தேய்வும்

கோலார் தங்கவயலில், பழைய சுரங்கமொன்றின் பெயரை இன்றும் தாங்கி நிற்பது பாலகாட். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலில் மேற்கொண்ட தொழில், 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. அன்று நாற்பது வயதினராயிருந்த தொழிலாளி இன்று அறுபதைக் கடந்துவிட்டார். பாறையைத் துளைத்த கை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கத் தயங்குகிறது. மூட்டு வலியென்று இரத்தத்தைச் சோதித்தால், யூரிக் அமிலம் சற்று மிகுந்துள்ளதெனத் தெரிகிறது. உடனே வீட்டார் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுகின்றனர். இது நன்மை பயக்குமா என்பது ஆராயத்தக்கது.

யூரிக் அமிலத்தை 1776-இல் சிறுநீரகக் கற்களிலிருந்து கண்டறிந்தவர் ஷீலே என்னும் ரசாயன நிபுணர். உயிரணுக்களிலுள்ள பியூரின் என்னும் பொருள்கள் சிதைவதால் இது உண்டாகிறது. ஏனைய பாலூட்டிகளில் பெரும்பாலானவை இதனை மேலும் சிதைக்கும் நொதியைப் பெற்றுள்ளன. மனிதனுக்கு அது இல்லை. ஆகவே ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு சிறுநீர் வழியாகவும், எஞ்சியது குடல் வழியாகவும் வெளியேற வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் இதன் அளவு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், மூட்டுகளில் படிகமாய்ப் படிந்து கௌட் என்னும் வாதநோய் தோன்றக்கூடும்.

தசைக்கும் இவ்வமிலத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கடும் உழைப்பின்போது தசையில் ஆற்றலளிக்கும் பொருள் சிதைந்து, அதன் ஒரு பகுதி யூரிக் அமிலமாக மாறுகிறது. வியர்வை மிகுந்து சிறுநீர் குறைந்தால் அது உடலிலேயே தேங்கும். சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸையும் கடந்தது. அத்தகைய இடத்தில் போதிய நீர் பருகுவது எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதுக்குப் பின் இத்தேய்வு விரைவடைகிறது. இதற்கு 1989-இல் ரோசன்பர்க் என்பவர் சார்க்கோபீனியா எனப் பெயரிட்டார்.

இவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்தோர் முரண்பட்ட முடிவுகளையே கண்டனர். அமெரிக்காவில் நாற்பது வயதைக் கடந்தோரைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், யூரிக் அமிலம் 8 மில்லிகிராமுக்கு மேற்பட்டோரிடம், 6-க்குக் குறைந்தோரைக் காட்டிலும், தசைக் குறைவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. ஆனால் 2008-இல் வெளிவந்த இத்தாலிய ஆராய்ச்சியிலோ, இவ்வமிலம் மிகுந்திருந்த முதியோரின் கைப்பிடி வலிமை சில ஆண்டுகளுக்குப் பின்னரும் மேலாகவே இருந்தது.

முரண்பாட்டிற்குக் காரணம் இல்லாமலில்லை. இரத்தத்தில் யூரிக் அமிலம் திசுக்களைக் காக்கும் பொருளாய்ச் செயற்படுகிறது. உயிரணுவினுள் மிகுந்தாலோ அழற்சியைத் தூண்டுகிறது. மேலும், உணவும் தசையும் குன்றிய முதியவரிடம் இதன் அளவு தானாகவே குறைந்துவிடும். எனவே எண் குறைந்திருப்பதெல்லாம் நலத்தின் அறிகுறியன்று. வாதநோய் இல்லாதவருக்கு மருந்தால் இவ்வெண்ணைக் குறைத்தால் தசை வளரும் என்பதும் நிலைநாட்டப்படவில்லை.

உணவைப் பற்றித் தெளிவான சான்று உண்டு. 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2004-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியின்படி, இறைச்சியும் கடலுணவும் வாதநோயை மிகுவித்தன, பியூரின் நிறைந்த காய்கறிகளும் பயறுகளும் மிகுவிக்கவில்லை, பால்பொருள்கள் குறைத்தன. ஈரல் முதலிய உள்ளுறுப்புகளையும் பீர் போன்ற மதுவையும் விலக்குதல் தகும். ராகிக் களியோடு பருப்புக் குழம்பும் மொச்சையும் மோரும் சேர்வதை நிறுத்தினால், அமிலம் குறைவதற்கு முன் தசையே குறையும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

தசைத் தேய்வைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த முறைப்படி, கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 விநாடி அல்லது அதற்கு மேற்பட்டாலும் ஐயங்கொள்ளலாம். அளவு நாடாவும் கடிகாரமும் களப்பணியாளரிடமும் பள்ளியிலும் இருப்பவையே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுரங்கத்தில் உழைத்தவர் மெலிந்து, இருமலும் மூச்சுத்திணறலும் கொண்டால், அதனை முதுமையென்று விட்டுவிடலாகாது. பாறைத் தூசியால் விளையும் சிலிக்கோசிஸும் காசநோயும் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும். ஏனையோருக்கு நாள்தோறும் நடையும், எழுந்தமரும் பயிற்சியும், வயிறார உணவுமே மருந்தாம். இரத்தச் சீட்டிலுள்ள ஓர் எண்ணை மட்டும் நோக்காமல் முதியவரின் கையையும் காலையும் தட்டையும் நோக்குமாறு ஊரார்க்கு எடுத்துரைப்பது, களப்பணியாளரும் ஆசிரியரும் எளிதிற் செய்யத்தக்க தொண்டாகும்.