முந்திரி ஊரில் முந்திரி ஆகாத பிள்ளை

நான் வாழ்க்கைப்பட்டது பண்ருட்டி பக்கம். மாமனார் வீட்டில் முந்திரித் தோப்பு உண்டு. என் மகளுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது என்றதும் சொந்தக்காரர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். "தோப்பு வச்சிருக்கிற வீட்டுல பொறந்துட்டு முந்திரி ஆகலையா? ரெண்டு தின்னா எல்லாம் சரியாப் போயிடும்" என்று கையில் திணிக்க வந்த பெரியம்மாவும் உண்டு.

தோழிகளே, நம் பக்கத்தில் உடம்பில் எது தடித்தாலும் 'கரப்பான்' என்று சொல்லி, கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாவற்றையும் பிள்ளை தட்டிலிருந்து எடுத்துவிடுவோம். சிதம்பரத்தில் இருந்துகொண்டு கொத்சு சாப்பிடாத பிள்ளைகளைக்கூடப் பார்த்திருக்கிறேன்! பாதிப் பேருக்கு அலர்ஜியே இருக்காது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பதும் வேறு சமாச்சாரம், அது செரிக்காத கோளாறு. நிஜமான உணவு அலர்ஜி என்றால், உடம்பு அந்த உணவை விஷம் என்று தப்பாக எண்ணிச் சண்டைக்கு நிற்பது. துளி போதும். சில நிமிஷத்தில் மூச்சே அடைக்கலாம். டாக்டரிடம் காட்டி, என்ன ஆகாது என்று உறுதி செய்துகொள்ளாமல் நாமாகவே பத்தியம் போடுவது பிள்ளையை வாடவைக்கும். உறுதியான பிறகும் அசட்டையாக இருந்தால் அதைவிட ஆபத்து.

என் மாமியாருக்குப் புரியவைக்க ஒரு வருஷம் ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சின்ன வயசில் முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்து தோல் உரியும். "அந்தப் பாலுதாம்மா காரணம். வறுத்துட்டா போயிடும்" என்பார். ஓட்டு எண்ணெய்க்கு அவர் சொன்னது பொருந்தும். என் மகளுக்கு ஆகாதது உள்ளே இருக்கிற பருப்பின் புரதம். அது வறுத்தாலும் போகாது, நெய்யில் பொரித்தாலும் போகாது. டாக்டர் இதைப் பிரித்துச் சொன்ன அன்றுதான் அத்தை வாயடைத்துப் போனார். இப்போது வீட்டில் பாயசத்துக்கு தேங்காய்ப் பல்லும் திராட்சையும்தான். பிஸ்தாவும் முந்திரிக்குப் பங்காளி முறை, ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் அநேகமாக ஆகாது. மாமரமும் அதே குடும்பம்தான். ஆனால் என் மகளுக்கு மாம்பழம் ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் இப்படிக் காவல் காத்துவிடலாம். பள்ளிக்கூடத்தில்?

கடலூரில் இவள் யு.கே.ஜி. படித்தபோது ஒரு பிள்ளையின் பிறந்த நாள். வகுப்பில் பால்கோவா கொடுத்தார்கள். மேலே முந்திரி இல்லை, உள்ளே அரைத்துச் சேர்த்திருந்தார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள். அந்தப் பள்ளியில் என்ன செய்தார்கள் தெரியுமா? முகம் கழுவிவிட்டு, பெஞ்சில் உட்கார வைத்து, "வந்து அழைச்சுக்கிட்டுப் போங்க" என்று எனக்குப் போன் செய்தார்கள். நான் மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போவதற்குள் குரல் கம்மிவிட்டது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை பிள்ளையாக ஆனாள். சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தக் காகிதம் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருந்தது. வகுப்பு மிஸ்ஸுக்கு விஷயமே தெரியாது.

இவருக்கு சிதம்பரத்துக்கு மாற்றல் வந்ததும், புதுப் பள்ளியில் நான் ஆபீஸோடு நிற்கவில்லை. வகுப்பு மிஸ், பி.டி. சார், ஆயாம்மா, வேன் டிரைவர் நால்வரையும் பார்த்தேன். ஆயாம்மாவை முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு இருப்பது அவர்தானே! ஒரு தாளில் மகளின் போட்டோ, ஆகாதது எது, வந்தால் எப்படி இருக்கும், முதலில் என்ன செய்ய வேண்டும், போன் நம்பர்கள் - இவ்வளவும் பெரிய எழுத்தில் எழுதி, வகுப்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். டாக்டர் கையெழுத்தோடு ஒரு நகல் ஹெட்மிஸ்ட்ரஸிடம்.

ஊசி விஷயத்தில்தான் இழுபறி. மேல்நாடுகளில் பேனா மாதிரி அழுத்தினால் போதும் என்கிற ஊசி இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடையில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். "ஊசி போடுறதெல்லாம் எங்களால ஆகாதும்மா" என்றார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். கடைசியில் மருந்தும் சிரிஞ்சும் அளவு எழுதிய சீட்டும் ஒரு டப்பாவில் போட்டு பள்ளியில் வைப்பது, எதிர்ப்புறம் இருக்கிற கிளினிக் நர்ஸம்மா ஓடிவந்து போடுவது, அதே நேரம் 108-க்கு போன் செய்வது என்று முடிவானது. டப்பா மூடியில் மருந்தின் காலாவதித் தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தத் தேதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்கிறீர்களா? 2017ல் லண்டனில், பால் பொருள் ஆகாத 13 வயது மாணவன் மேல் இன்னொரு பையன் விளையாட்டாகச் சீஸ் துண்டை எறிந்தான். பையன் பிழைக்கவில்லை. பள்ளியில் அவனுக்காக வைத்திருந்த ஊசி காலாவதியாகியிருந்தது பிறகு விசாரணையில் வெளிவந்தது. கேலி செய்கிற பிள்ளைகளிடம் மிஸ் ஒரு தடவை உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான் கேட்டதும் அதனால்தான். சும்மா சொல்லக்கூடாது, மிஸ் அழகாகப் பேசினார்.

சிதம்பரத்தில் எனக்குப் பெரிய பரீட்சை மார்கழியில் வரும் ஆருத்ரா தரிசனம். வீட்டுக்கு வீடு திருவாதிரைக் களி. நெய்யில் வறுத்த முந்திரி இல்லாமல் களியா? மறுநாள் எல்லா டிபன் பாக்ஸிலும் அதுதான். "பாப்பா, பிரசாதம்டி, வேணாம்னு சொல்லக்கூடாது" என்று நீட்டுகிற கைக்கு ஆறு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? முந்தின வாரமே வகுப்பு அம்மாக்களிடம் சொல்லிவைப்பேன். சாப்பிட்ட பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் கிருமிக்குத்தான், முந்திரித் துகளை அது போக்காது. பெஞ்சையும் துடைப்பார்கள். பிறந்த நாள் தினங்களுக்காக மிஸ் மேஜையில் மகளுக்கென்று ஒரு சின்ன டப்பா இருக்கிறது, நானே செய்த எள்ளுருண்டையோ பொரிவிளங்காயோ அதில் இருக்கும். ஒதுக்கி வைக்கிறார்கள் என்ற எண்ணம் வராது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு முட்டை ஆகாது. அரசுப் பள்ளியில் படிக்கிறான். 1982ல் சத்துணவு தொடங்கியபோது முட்டை கிடையாது, 1989ல் வந்தது, 2010ல் வாரம் ஐந்து என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அவன் அம்மாவிடம், "சைவப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி இவனுக்கும் பழம் கேளுங்க அக்கா" என்றேன். அமைப்பாளர் மறுக்கவே இல்லை. ஆனால் முட்டை மசாலா கிளறிய கரண்டியாலேயே இவனுக்கும் சாதம் போட்டால் பழம் கொடுத்து என்ன பயன்? சமையல் அம்மாவிடம் நேரில் சொல்லி, அவனுக்கு முதலில் பரிமாறுகிறார்கள்.

கடைப் பண்டம் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். 2020ல் வந்த உணவு லேபிள் விதிப்படி பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, கோதுமை போன்றவை சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டில் அடுக்கி நிறுத்துக் கொடுக்கிற ஸ்வீட்டுக்கு அந்த வசதி இல்லை. ஓட்டல் குருமாவில் முந்திரி விழுது இல்லாமல் இருப்பது அபூர்வம்.

வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உதட்டு வீக்கமோ தடிப்போ இருக்கும்போதே இருமல், மூச்சிரைப்பு, குரல் மாற்றம், தொடர் வாந்தி, தலைசுற்றல் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது, ஊசிதான். செட்ரிசின் மாத்திரை அரிப்பை அடக்குமே தவிர மூச்சைக் காப்பாற்றாது. பிள்ளையை எழுப்பி நடக்க வைக்காமல் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். ஊசி போட்டுச் சரியானதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள்.

போன மாதம் பிச்சாவரம் சுற்றுலா போனார்கள். "டப்பாவை பஸ் மேல போட்டுடாதீங்க மிஸ், உங்க தோள் பையிலயே இருக்கட்டும்" என்றேன். படகில் ஏறும்போதும் பையோடுதான் ஏறினாராம். ஜூனில் மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள். புது மிஸ் யாரென்று தெரிந்ததும் அலமாரித் தாளைப் புதுப் போட்டோவோடு மறுபடி எழுத வேண்டும்.

- ஒரு வாசகி, சிதம்பரம்