வெட்டிய ஸ்பிரிங்கும் பதினெட்டு வளைவும்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், ஹுன்னஸ்கிரிய தாண்டிக் கீழே இறங்கும்போது வருகிறது பதினெட்டு வளைவு. கைவைத்த சஸ்பென்ஷனுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருடமும் கார்ப் பிரியர்களுக்கு இருப்பதையே திருத்தி ஓட்டுவதுதான் வழி. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கிய ஷொக், முற்றத்தில் ஒரு ஜக், கையில் கிரைண்டர். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டினால் வளைவில் நன்றாக நிற்குமா?

இந்தக் கார் சுமார் 1,050 கிலோ எடையோடு, 20 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் மணிக்கு 30 கிலோமீற்றரில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கச் சில்லுகளுக்கு ஏறத்தாழ 128 கிலோ சுமை மாறும். காரை 3 சென்டிமீற்றர் இறக்கினால் அது சுமார் 121 ஆகும். இத்தனை பாடுபட்டும் இலாபம் 7 கிலோ! எடையின் மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் இருக்கும்போது 3 சென்டிமீற்றரால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது.

இதைவிட வேடிக்கையானது இன்னொன்று. இந்தக் காரின் முன்பக்கம் மக்ஃபெர்சன் வகை. 1950இல் ஃபோர்டு கான்சலில் வந்து, பிறகு சின்னக் கார்களெல்லாம் எடுத்துக்கொண்ட அமைப்பு. இதில் காரை இறக்கும்போது கீழ்க்கை மேல்நோக்கிச் சரிந்துவிடும். கார் பக்கவாட்டில் சாய்வதற்கு அச்சாக இருக்கும் கற்பனைப் புள்ளி, எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, உடலைச் சாய்க்கும் நெம்புகோலும் நீளும். தாழ்த்திய கார் சாயாமல் நிற்கிறதென்றால், அந்தப் புகழ் விறைத்த ஸ்பிரிங்குக்குத்தான் போக வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் கார் தாழ்வதோடு அந்த விறைப்பும் கிடைக்கும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 வீதம் கூடும். ஆனால் அதை அடக்க வேண்டிய ஷொக் பழையதாகவே இருக்கிறது. விறைத்த ஸ்பிரிங் வேகமாகத் துள்ளும். களைத்த ஷொக் அதைத் தடுக்காது. வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் டயர் தரையை விட்டுக் குதிக்கும். குதிக்கும் டயருக்குப் பிடிமானம் ஏது? சில்லு தொங்கும் வேளையில் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். காஸ் வெல்டிங்கால் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம்: எஃகின் பதம் போய்விடும். தொழிற்சாலையில் ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் ஜோடியாகப் பொருத்திய கொயில்ஓவர் விலை கூடியதுதான். அந்த விலை இந்தப் பொருத்தத்துக்கும் சேர்த்துத்தான்.

உள்ளே செய்யும் வேலைகளில் எனக்குப் பிடித்தது பக்கெட் ஆசனம். வளைவில் உடம்பைப் பிடித்து நிறுத்தும். ஸ்டியரிங்கில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் பல கார்களில் பக்க எயார்பேக் பழைய ஆசனத்துக்குள்ளேயே இருக்கிறது. மஞ்சள் நிற இணைப்பைக் கழற்றியதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதை அணைக்க ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிடுவதுண்டு. விளக்கு அணையும், எயார்பேக் இல்லை என்பதைச் சொல்லவும் ஆள் இருக்காது. அடுத்து, இரைச்சலைக் குறைக்கக் கதவுகளுக்குள் ஒட்டும் பியூட்டைல் தாளுக்கு வருவோம். தகட்டின் அதிர்வை அது வெப்பமாக்கி விழுங்குகிறது. தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை, அதிகம் அதிரும் நடுப்பகுதி போதும். மீதி வெறும் பாரம்.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 15 சென்டிமீற்றர் அழுத்தினால், 10 கிலோ கல் கிட்டத்தட்ட 3 மீற்றர் உயரத்திலிருந்து விழும் சக்தி அதற்குள் அடங்கியிருக்கும். சரியான ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டைத் தொடாதீர்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்காதீர்கள். எயார்பேக் வயரில் கை வைக்கும் முன் பற்றறியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வளைவுப் பக்கம் போங்கள்.